தண்டவாளம் யாருக்காக வந்தது?

தோழர்களே, இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் கண்டியை எட்டியது. மாட்டுவண்டியில் நாள்கணக்கில் ஊர்ந்த காப்பி மூட்டை துறைமுகத்துக்கு விரைந்து சேர வேண்டும். தோட்டத்துரைமார் ரயில் கேட்டது அதற்காகத்தான். இலைநோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் ஏறியது.

காப்பி பறித்தவர்கள் எப்படி வந்தார்கள்? கண்டிக்கு ரயில் வந்த பிறகும், மன்னாரில் கரையிறங்கிய நம் மக்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவில் பலர் வழியிலேயே மாண்டார்கள். பிழைத்தவர்கள் பெயரில் வழிச்செலவு கடனாக ஏறியது. அவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். பலர் ஊரில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். தலைமன்னாருக்கு ரயில் 1914இல்தான் வந்தது. முதலில் மூட்டை, பிறகே மனிதர்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. மலையகத்தார் ‘கோச்சி’ என்றழைக்கும் அதே ரயிலில், அழுதபடி தலைமன்னாருக்கு இறங்கினார்கள்.

வெள்ளையர் ரயில் தந்தார்கள் என்று பாடநூல் சொல்லும்போது, யாருக்கு, எப்போது, எதற்கு என்று நாம் கேட்போம்.