‘நைஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருள், தோற்றம், ஒலிப்பு

1. எடுத்துக்கொண்ட பொருள்

இன்றைய ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்ற பெயரடைக்குத் தனிப்பொருள் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. வானிலையும் நைஸ், பக்கத்து வீட்டுக்காரரும் நைஸ், குடித்த காப்பியும் நைஸ். 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரை இதே சொல்லால் சுட்டியிருந்தால் அது வசை. ‘மடையன்’ என்று பொருள். சொற்பிறப்பு பேசுவோர் இந்த இரு முனைகளை மட்டும் காட்டி வேடிக்கை செய்வது வழக்கம். வசை ஒரே தாவலில் பாராட்டாகவில்லை. இரண்டுக்கும் நடுவே ‘நுண்மை’ என்ற பொருள் நெடுங்காலம் வழங்கியது. அதை விட்டுவிட்டு இச்சொல்லின் வரலாற்றைச் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. தோற்றம்

மூலம் இலத்தீன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘நெ’ எதிர்மறை முன்னொட்டு. இரண்டும் சேர்ந்த ‘நெஸ்கியுஸ்’ அறியாதவனைக் குறித்தது. ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் இதே ‘ஸ்கீரே’யிலிருந்து வந்ததுதான். இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து, பேதை, சோம்பேறி, விவரமில்லாதவன் என்ற பொருள்களோடு வழங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அங்கே குடியேறிய பிரெஞ்சுச் சொற்களோடு இதுவும் சேர்ந்தது. 1300ஐ ஒட்டிய ஆங்கில நூல்களில் காணக் கிடைக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் இதைப் பெரும்பாலும் ‘மூடத்தனமான’ என்ற பொருளில் எழுதினார்.

3. பொருள் மாற்றம்

3.1. பேதைமையிலிருந்து நுண்மைக்கு

மூடத்தனம் பல வகை. அளவுமீறி ஆடை அணிவதும், எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பதும், உப்புச் சப்பில்லாததற்குக் கோபிப்பதும் அதில் அடங்கும். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ‘நைஸ்’ இந்த வழியில் இறங்கியது. பகட்டுக்காரர், தொட்டாற்சிணுங்கி, எளிதில் நிறைவடையாதவர் ஆகியோரை அது சுட்டத் தொடங்கியது. நிறைவடையாதவர் நுணுகிப் பார்ப்பவரும் ஆவார். ஆகவே 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்ற பொருள்கள் நிலைபெற்றன. எல்லாம் ஒரே சீராக நடந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் ரோமியோ நாடகத்தில் இச்சொல் ‘அற்பமான’ என்ற பொருளில் வருகிறது. மிக நுண்ணியது அற்பமாகவும் தோன்றும் அல்லவா? அக்காலத்து வரி ஒன்றில் இச்சொல்லைக் கண்டால் எந்தப் பொருள் என்று துணிவது இன்றும் உரையாசிரியர்களுக்குத் தலைவலிதான்.

நுண்பொருள் இன்னும் சாகவில்லை. வழக்கறிஞரும் தத்துவ ஆசிரியரும் ‘நைஸ்’ வேறுபாடு என்று சொன்னால், இனிய வேறுபாடு என்று கொள்ளக் கூடாது. மயிரிழை வேறுபாடு என்பதே பொருள். இதிலிருந்து பிறந்த ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல்லும் நுணுக்கத்தையே முதன்மையாகக் குறிக்கிறது.

3.2. நுண்மையிலிருந்து இனிமைக்கு

நுட்பமான சுவை உடையவர் விரும்புவது நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் 18ஆம் நூற்றாண்டில் ‘இனிய’ என்ற பொருள் பிறந்து, வெகு விரைவில் ஊரெங்கும் பரவியது. ஜேன் ஆஸ்டின் இதைக் கிண்டல் செய்தார். அவர் இறந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், கதைத்தலைவி ஒரு புத்தகத்தை ‘நைஸ்’ என்று சொல்லிவிட, கதைத்தலைவன் ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான்: முன்பு ஒழுங்கையும் நயத்தையும் குறித்த சொல், இப்போது எதற்கும் பொருந்துகிறது என்பது அவன் குறை. 1926இல் பௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில், பெண்களின் செல்லச் சொல்லாகிச் சாரம் இழந்தது என்று பழியை அவர்கள் தலையில் போட்டார். அது பொருந்தாத பழி. பாராட்டுச் சொல் எதுவும் அதிகம் புழங்கினால் நீர்த்துப்போகும். இதில் ஆண், பெண் வேறுபாடு எங்கே வந்தது?

மொழியியலார் இதை உயர்பொருட்பேறு என்பர். மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தமிழில் இழிந்தது இதற்கு நேர்மாறு.

4. ஒலிப்பு

சாசர் காலத்தில் இது ‘நீஸ்’ என்பதை ஒட்டி ஒலித்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் இடம் மாறின. அப்போது ஈகாரம் ஐகாரமாகத் திரிந்தது. இந்நிகழ்வுக்குப் பெருஉயிர்ப் பெயர்ச்சி என்ற பொருளில் பெயரிட்டவர் டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன். இங்கிலாந்தில் காக்ஸ்டன் 1476இல் அச்சகம் தொடங்கியபின் எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது, ஒலியோ ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்று ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் படும் பாட்டின் ஒரு பகுதி இங்கே தொடங்குகிறது. பிரான்சின் கடற்கரை நகரமான ‘நீஸ்’ இதே எழுத்துக்களால் எழுதப்படுவது. அது கிரேக்க ‘நிகாயா’விலிருந்து வந்த ஊர்ப்பெயர், உறவேதும் இல்லை. இதே எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட, தேங்காய் மணக்கும் பிஸ்கட் ஒன்றை ஊர்ப்பெயராக ஒலிப்பதா, பெயரடையாக ஒலிப்பதா என்று பிரிட்டனில் இன்றும் சண்டை.

தமிழர் கவனிக்க வேண்டியது இறுதி மெய். தமிழ் எழுத்தில் அரிசிக்கும் எழுவதற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ‘ரைஸ்’தான். ஆங்கிலத்தில் முன்னதன் ஸகரம் அதிர்வற்றது, பின்னது அதிர்வுடையது. ‘நைஸ்’ அரிசியின் கூட்டாளி. அதிர்வற்ற மெய்க்கு முன் உயிரும் சற்றுக் குறுகும். பேச்சில் இறுதியில் உகரம் சேர்த்து ‘நைசு’ என்கிறோமே, அதிலும் நம் இலக்கண விதிப்படி முதல் ஐகாரம் ஒன்றரை மாத்திரையாகக் குறுகுகிறது.

5. தமிழில் நைஸ்

பேச்சுத் தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உண்டு. ‘நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தான்’, ‘நைஸாக நழுவினான்’ என்பவை ஒரு வகை. இவற்றில் தந்திரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்பொருள் இல்லை. வடமொழி வழி வந்த ‘நைச்சியம்’ நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. வைணவ உரைகளில் தன்னைத் தாழ்த்திக்கொள்வதைக் குறித்த அது, உலக வழக்கில் குழைந்து பேசிச் சாதிப்பதாயிற்று. ஒலியும் பொருளும் ஒத்துவர, ‘நைஸ்’ அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது வழக்கு சமையலறையில். ‘மாவை நைஸாக அரை’ என்றால் திப்பியில்லாமல், நுண்ணியதாக அரைக்க வேண்டும். ஆங்கிலப் பேச்சு வழக்கு ஏறக்குறைய கைவிட்ட நுண்பொருள் நம் அம்மிக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் நாள்தோறும் புழங்குகிறது.

சமையல் குறிப்புகளைத் திருத்தும் பதிப்பாசிரியர்கள் இதைப் பிறமொழிக் கலப்பென்று அடித்துவிட்டு, ‘நன்றாக அரைக்கவும்’ என்று போடுகிறார்கள். கொரகொரப்பாகவும் நன்றாக அரைக்கலாம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ‘மைய அரைக்கவும்’ என்று எழுதுங்கள்.