விலங்கும் விலங்கும்

விலங்கு என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று மிருகம், மற்றொன்று தளை. இரண்டுக்கும் உறவு உண்டா? உண்டு! மனிதனை மிருகமாகக் காட்டிவிட்டால், அவன் காலிலே தளை பூட்டுவோனுக்கு மனம் உறுத்தாது. மனநோயாளரின் வரலாறு இதற்குச் சான்று.

1847-இல் சார்லட் பிரான்டி தீட்டிய 'ஜேன் அயர்' எனும் ஆங்கில நாவலிலே பெர்த்தா என்றொரு பெண். சித்தம் கலங்கியவள், மாளிகையின் மூன்றாம் மாடியில் கணவனால் பூட்டி வைக்கப்பட்டவள். தவழ்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லையேனும் நாம் நேரே கேட்பதில்லை. இறுதியில் மாளிகைக்குத் தீயிட்டு, கூரையிலிருந்து குதித்து மாள்கிறாள். பிறகென்ன? கதாநாயகிக்குக் கலியாணம்! மாண்டவளுக்காகச் சிந்தப்பட்ட கண்ணீர் எங்கே?

அறியாமைக் காலம் என்பீரோ? இல்லை. பிரான்டி வாழ்ந்த அதே யார்க்‌ஷயரில், 1796-லேயே வில்லியம் டியூக் எனும் தேயிலை வணிகர் மனநோயாளருக்கு இல்லம் திறந்தார். சங்கிலி இல்லை, சாட்டை இல்லை. தோட்டமும் தொழிலும் கனிவுமே அங்கு மருந்து. அறிவு அருகிலேயே இருந்தது. கதைதான் அதனைக் காணவில்லை.

பிரான்டியே 1848 ஜனவரியில் எழுதிய மடலொன்றில், இரக்கம் எழவேண்டிய இடத்தில் அச்சத்தை மிகுத்துவிட்டதாகத் தம் பிழையை ஒப்புக்கொண்டார். நேர்மைதான். ஆயினும் கதையைப் படித்தோர் கோடி. கடிதத்தைக் கண்டோர் எத்தனை பேர்? கரீபியத் தீவிலே பிறந்த ஜீன் ரிஸ், பெர்த்தாவையே பேசவைத்து ஒரு நாவல் எழுதியது 1966-இல். ஒரு பெண் வாய் திறக்க 119 ஆண்டுகள்!

சீமைக் கதை நமக்கேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனநோயாளர் இருந்த கொட்டகையிலே தீ. 28 உயிர்கள் கருகின. ஓடத் துடித்திருப்பர், ஓடவிடவில்லை விலங்கு! பெர்த்தாவுக்காவது குதிக்க ஒரு கூரை இருந்தது.

2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. காலின் தளையைச் சட்டம் கழற்றும். கருத்தின் தளையை யார் கழற்றுவது? பித்தரைக் கண்டு சிரிக்கவும் நடுங்கவும் கற்பிக்கும் கதையோ, படமோ எதிர்ப்படும்போதெல்லாம் கேளுங்கள், இளைஞர்களே: இவர் பேச ஒரு வரியேனும் தரப்பட்டதா? அவ்வினாவிலே கழலத் தொடங்கும் விலங்கு!