டயட் கோலாவுக்கு மீசை முளைத்த கதை

டயட் சோடாவை முதல்ல யாருக்காகத் தயாரிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? ஒல்லியாகணும்னு ஆசைப்படுற பெண்களுக்கா? இல்லைங்க, நோயாளிகளுக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1952, நியூயார்க்கின் புரூக்ளின். ஹைமன் கிர்ஷ் என்பவர் சோடா கம்பெனி முதலாளி. நாட்பட்ட நோயாளிகளுக்கான ஒரு யூத மருத்துவமனையின் நிர்வாகத்திலும் இருந்தார். அங்கே இருந்த சர்க்கரை நோயாளிகளும் இதய நோயாளிகளும் குடிக்கிற மாதிரி ஒரு சோடா செய்யணும்னு இறங்கினார். சர்க்கரைக்குப் பதிலா சைக்ளமேட் என்ற இனிப்பூட்டி. அதிலும் சோடியம் கலந்ததை விட்டுட்டு கால்சியம் கலந்ததை எடுத்தாங்க. (இதயம் பலவீனமா இருந்தா உப்பைக் குறைங்கன்னு சொல்றோமே, அதே காரணம்தான்.) இஞ்சிச் சுவையில் வந்தது. பெயர் நோ-கால்.

கடைக்கு வந்ததும் பார்த்தா, வாங்கினவங்கள்ல பலர் நோயாளிகளே இல்லை. எடை குறைக்க நினைத்தவர்கள். விளம்பரம் உடனே திசை மாறிடுச்சு. நடிகை கிம் நோவாக் போஸ்டரில் வந்தார். நோயாளி காணாமல் போனார்.

1963-ல் கோக்க கோலா நிறுவனம் 'டேப்' என்ற பானத்தை இறக்கியது. 'கோக்' என்ற பெயரை அதுக்குக் கொடுக்கலை. டேப்போட பிரபலமான டப்பா இளஞ்சிவப்பு. ஆணின் மனசுல நிற்கிற மாதிரி உடம்பு வேணும்னா இதைக் குடிங்கன்னு பெண்களுக்கு வெளிப்படையாவே விளம்பரம் செய்தார்கள். 1982-ல் டயட் கோக். அதுக்குள்ள 'டயட்' என்றாலே பெண்கள் சமாச்சாரம்னு ஆகிப்போச்சு.

ஆனா ஆண்களுக்கும் தொப்பை போடுது, சர்க்கரை வருது. 'டயட்'னு எழுதின டப்பாவைக் கையில பிடிக்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தை உண்டாக்கினதே விளம்பரம்தான். அதைச் சரிசெய்யாம, அதே கூச்சத்தை வைத்து இன்னொரு டப்பா விற்றார்கள். 1993-ல் பெப்சி மேக்ஸ், சாகசம் செய்யும் இளைஞர்களோடு. 2005-ல் கோக் ஜீரோ. பெயரில் 'டயட்' கிடையாது, டப்பா சீக்கிரமே கறுப்பாச்சு. டயட் கோக்கிலும் கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம், இதிலும் அதே. இனிப்பூட்டிக் கலவையும் சுவையும்தான் கொஞ்சம் வேற.

உச்சகட்டம் 2011. டாக்டர் பெப்பர் டென். (நிஜ டாக்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!) துப்பாக்கி நிறத்துல டப்பா, சண்டைப்பட பாணியில விளம்பரம், 'இது பெண்களுக்கு இல்லை' என்ற அறிவிப்பு. பூஜ்யத்துக்குப் பதிலா பத்து கலோரி. பத்து கலோரியில ஆம்பளைத்தனம் வந்துடுமாம்!

இதுல ஒரு டாக்டரா எனக்கு உறுத்துறது நிறம் இல்லை. எங்க ஓபியிலேயும் உணவுக் கட்டுப்பாடு என்றதும் "அதெல்லாம் வீட்டம்மாகிட்ட சொல்லுங்க சார்"னு சிரிக்கிற ஆண்கள் உண்டு. கணையம் ஆணா பெண்ணான்னு பார்த்தா கெட்டுப்போகுது?

டேப் 2020-ல் நிறுத்தப்பட்டது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம்னு பரிந்துரை செய்தது. பெண்களுக்கு அத்தனை வருஷம் சொல்லி விற்றது அதைத்தான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பரிந்துரை பொருந்தாதாம். கிர்ஷ் முதல்ல மனசுல வைத்திருந்தது அவங்களைத்தான்.