நெஞ்சுக்குள் ஜன்னல் வைக்காத அரசி

1558 நவம்பர் 17. கத்தோலிக்கரான இங்கிலாந்து அரசி மேரி கண்மூடினார். அரியணை ஏறிய புராட்டஸ்டன்ட் தங்கை எலிசபெத்துக்கு வயது 25. அக்கா விட்டுப்போனது கடனும், பிரான்சிடம் பறிகொடுத்த கலே துறைமுகமும், தீயிட்டுக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்டுகளின் நினைவும்தான். அதே அக்காவின் சந்தேகத்துக்கு ஆளாகி 1554-ல் லண்டன் கோபுரத்தில் சிறையிருந்தவர் எலிசபெத். பழிவாங்கக் காரணம் இருந்தும் அந்த வழியில் அவர் போகவில்லை.

1559-ல் அவர் கொண்டுவந்த வழிபாட்டுச் சட்டம் பிரபுக்கள் சபையில் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆயர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அந்தச் சட்டத்தோடு வந்த வழிபாட்டு நூலைச் சற்று உற்றுப் பாருங்கள். நற்கருணை அப்பம் தரும்போது, 1549 நூலின்படி அதைக் கிறிஸ்துவின் உடல் என்று சொல்லித் தந்தார்கள். 1552 நூலின்படி அவர் நினைவாக உண்ணச் சொன்னார்கள். எலிசபெத்தின் நூல் இரண்டு வாசகங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டது. ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்ட கத்தோலிக்கச் சார்பினர், புராட்டஸ்டன்டுகள் என இரு தரப்பாரும் தத்தம் மனசுக்கு ஒத்ததை எடுத்துக்கொள்ளலாம். போர்க்கப்பல்களைவிட இந்த இரண்டு வரிகளைத்தான் அவருடைய பெரிய ராஜதந்திரம் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். வந்து உட்கார்ந்தால் போதும். உள்ளே என்ன நினைக்கிறார் என்று துருவவில்லை. மனிதர் நெஞ்சுக்குள் ஜன்னல் வைத்துப் பார்க்க அரசிக்கு விருப்பமில்லை என்று ஃபிரான்சிஸ் பேக்கன் எழுதினார். கத்தோலிக்கரான வில்லியம் பேர்டு அரசியின் சொந்தத் தேவாலயத்திலேயே இசைக் கலைஞராக இருந்தார்.

இதை முழுச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. 1570-ல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியக் கூடாது என்றார். அதன்பின் அரசின் பிடி இறுகியது. 1581-ல் அபராதம் மாதம் 20 பவுண்டாக ஏறியது; அதே ஆண்டு எட்மண்ட் கேம்பியன் என்ற கத்தோலிக்கக் குரு லண்டனின் டைபர்னில் கொல்லப்பட்டார். ஆட்சி முடிவதற்குள் 180-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் உயிரிழந்தனர். இந்தக் கறையை மறைத்துவிட்டு எலிசபெத்தைப் புகழ்வது வரலாறு ஆகாது.

ஆனாலும் 1588-ல் கத்தோலிக்க ஸ்பெயினின் அர்மடா என்ற போர்க்கப்பல் படை வந்தபோது, இங்கிலாந்தின் கத்தோலிக்கர்கள் அரசிக்கு எதிராகக் கிளர்ந்தெழவில்லை. முதல் பத்தாண்டுகளில் காட்டிய பொறுமைக்கு அதில் பெரும் பங்குண்டு என்பதே என் தீர்ப்பு.

வீட்டுக்குள் நிலைகொண்ட அந்த நாடு கடலுக்கு அப்பால் பார்த்தது. 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அளித்த சாசனத்தில் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1639-ல் நம் சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றது. அந்தக் கதை அடுத்த வாரம்.