செந்நட்சத்திரமும் வெள்ளைக் கழுகும் – 4: எதிரியின் காய்கள்

1920 மே 7-இல் கீயவுக்குள் நுழைந்த போலந்துப் படையை, ஜூன் தொடக்கத்தில் சோவியத் தளபதி புத்யோன்னியின் முதல் குதிரைப்படை உடைத்தெறிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆகஸ்டில் துரத்தியவர்கள் ஓடினார்கள், ஓடியவர்கள் துரத்தினார்கள். சோவியத் தளபதி துகாச்செவ்ஸ்கியின் சேனைகள் பிரெஸ்டைப் பிடித்து வார்சாவை நெருங்கிவிட்டன.

இந்தக் கட்டம் எனக்குத் தெளிவானது ஒரு விளையாட்டுப் பலகையின் முன்னால்தான். 1979-இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட ‘ரெட் ஸ்டார் ஒயிட் ஈகிள்’. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், படைகளுக்கு அட்டைக் காய்கள், பகடை. ஆடுபவர்கள் இருவர்: ஒருவருக்குப் போலந்து, மற்றவருக்கு சோவியத்.

போர்க்களத்தின் நடுவே பிரிப்யாத் சதுப்பு. அதற்கு வடக்கே துகாச்செவ்ஸ்கியின் மேற்கு முனை, தெற்கே எகோரவின் தென்மேற்கு முனை. சதுப்பைத் தாண்டியதும் இரண்டும் கைகோத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று வார்சாவுக்கும் மற்றது ல்வூவுக்கும் போயிற்று. இடையே இருந்தது மோசிர் குழு என்ற மெலிந்த சோவியத் படை மட்டும்.

பலகையில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். சோவியத் பக்கம் ஆடுபவருக்குக் குதிரைப்படையை வடக்கே திருப்பத்தான் கை போகும். நிஜத்தில் அந்தக் கை ஒருவருடையது அல்ல. தலைமைத் தளபதி காமெனெவ் படையை மாற்றச் சொன்னார். தென்மேற்கு முனையின் அரசியல் பொறுப்பாளராக இருந்த ஸ்டாலின் அந்த ஆணையில் கையெழுத்திட மறுத்தார். புத்யோன்னி ல்வூவைவிட்டு நகர்வதற்குள் வார்சாவில் எல்லாம் முடிந்திருந்தது. ஸ்டாலினின் பிடிவாதத்தை மட்டுமே குற்றம் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. துகாச்செவ்ஸ்கியின் இடப்பக்கம் அதற்கு முன்பே திறந்துதான் கிடந்தது. அதை மூடாமலே அவர் மேற்கே விரைந்தார்.

இன்னொரு வேறுபாடு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. விரித்த பலகையில் இருவருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். 1920-இல் அப்படித் தெரிந்தது ஏறக்குறைய ஒரு பக்கத்துக்கு மட்டும். போலந்தின் யான் கொவாலெவ்ஸ்கியும் அவரோடிருந்த கணித அறிஞர்களும் சோவியத் வானொலிச் செய்திகளின் சங்கேதத்தை உடைத்திருந்தார்கள். எந்தச் சேனை எங்கே நிற்கிறது என்பது போலந்தின் தலைவர் பில்சுட்ஸ்கியின் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. தெற்கே வியெப்ஷ் ஆற்றங்கரையில் துணிந்து படை திரட்ட அவரால் முடிந்தது இதனால்தான். போலந்தின் திட்டமும் சோவியத் கையில் சிக்கியது. ஏமாற்று வேலை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13 முதல் வார்சாவுக்கு வெளியே ராட்ஸிமின் ஊர் கைமாறிக் கைமாறி எரிந்தது. 16-ஆம் தேதி வியெப்ஷ் கரையிலிருந்து பில்சுட்ஸ்கி வடக்கே பாய்ந்தார். மோசிர் குழு சிதறியது. துகாச்செவ்ஸ்கி அப்போது பல நூறு கிலோமீட்டர் பின்னால், மின்ஸ்கில். சேதி தாமதமாகவே எட்டியது. வடகோடியில் இருந்த கய்யின் குதிரைப்படை திரும்பி வர வழியின்றி ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் புகுந்து ஆயுதங்களை ஒப்படைத்தது.

புத்யோன்னி ஆகஸ்ட் 31-இல் கொமாரூவில் போலந்துக் குதிரைவீரர்களைச் சந்தித்தார். அந்தக் குதிரைப் போர் அடுத்த வாரம்.

(தொடரும்)