லயக் காம்பராவும் நமது மரபுரிமையும்

இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டு ஆக்கப்பட்டது. எந்தக் கட்டடம் புராதனமானது என்பதற்கு அச்சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1815 மார்ச் 2 தான் அந்தக் கோடு. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்தியவை இயல்பாகவே புராதனச் சின்னங்கள். பிந்தியவற்றை அரசு மனம்வைத்து வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு.

கம்பளைக்கருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கியது 1824 இல். அந்தத் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம்தான் லயம். ஆக, கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு லயமேனும் இருக்க வழியில்லை.

கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. தலதா மாளிகையும் வாவியும் பழைய வீதிகளும் அந்தப் பெருமைக்கு உரியவை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நகரத்தைச் சுற்றியிருக்கும் மலைகளில் கோப்பியையும், பின்னர் தேயிலையையும் நட்டவர்கள் எங்கே படுத்தெழும்பினார்கள் என்பதும் கண்டியின் சரித்திரந்தானே?

லயத்தை உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்தோ பன்னிரண்டோ காம்பராக்கள். ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் காம்பராக்களின் எண்ணிக்கையும் இரட்டிப்பு; பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது, ஆகவே பின்கதவும் கிடையாது, பின்காற்றும் கிடையாது. ஆதியில் மானாப்புல் கூரை, பிறகு தகரம். பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டின் அடுப்புப் புகையும் பிள்ளையின் இருமலும் புருஷன் பெண்சாதி சண்டையும் பத்து வீட்டுக்கும் பொது. தீப்பிடித்தாலும் அப்படித்தான், ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு முழு லயத்தையும் தின்றுவிடும். யாரை எந்த லயத்தில் குடியேற்றுவது என்பதிலே கங்காணிமார் சாதியும் பார்த்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்த வீட்டைக் குறிக்கும் சொற்களே ஒரு சரித்திரப் பாடம். காம்பரா என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். முன்திண்ணையாகிய இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் லயன் ஆகி, எங்கள் நாவில் லயமாயிற்று. மூன்று அந்நிய ஆட்சிகளின் சொற்கள் 120 சதுர அடிக்குள்! சங்கீதத்திலே லயம் என்றால் ஒத்திசைவு. அந்த அர்த்தத்தில் யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை.

இதெல்லாம் முஸ்லிம் வாசகருக்கு என்னத்துக்கு என்று கேட்கக்கூடும். கண்டி அரசர் காலத்திலிருந்தே தவளம் ஓட்டியவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும் வந்தபோது கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைக் கடைத்தெருக்களில் தோட்டத்துச் சம்பளத்தை நம்பி வளர்ந்த முஸ்லிம் கடைகள் எத்தனை! என் உம்மாவின் வாப்பா புடைவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர். "நானா, இந்தச் சம்பளத்துக்குப் பாதி, அடுத்த சம்பளத்துக்கு மீதி" என்று கடன் சொல்லிச் சேலை எடுத்தவர்களின் காசில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. நம் குடும்பக் கதைகளின் பாதி அந்த இஸ்தோப்புகளில் கிடக்கிறது.

கண்டியில் ஒரு வீடு நம்மவர்க்கு நன்கு தெரியும். 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த மிஸ்ரின் ஒராபி பாஷா குடியிருந்த வீடு 1983 இல் அருங்காட்சியகமாயிற்று. ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையும் 2001 இல் அருங்காட்சியகமாகி, பழைய இயந்திரங்கள் எண்ணெய் பூசி நிறுத்தப்பட்டிருக்கின்றன. தலைவருக்கும் இயந்திரத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது. தொழிலாளிக்கு?

அதற்கும் ஓர் இடம் உண்டு. கம்பளையை அடுத்த பரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றையே திருத்தி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் திறந்தது கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம். வேலைக் கருவிகள், சமையல் பாத்திரங்கள், வாத்தியங்கள், ஆவணங்கள் எல்லாம் அங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், அங்குள்ள பெரிய காட்சிப்பொருள் அந்தக் கட்டடந்தான். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். அதற்குமேல் விளக்கப் பலகை எதற்கு?

லயங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும். 1948 இல் பிரசாவுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, எஞ்சியவர்களுக்கு 2003 வரை சட்டம் காத்திருந்த மக்கள் அவர்கள். வாக்குரிமை வந்தும் வீட்டுறுதி வரவில்லை. லயம் இன்றும் தோட்டத்தின் சொத்து. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும் இந்திய வீடமைப்பும் நடந்தும் பெருந்தொகையானோர் இன்னும் அதே காம்பராக்களில்தான். 2025 நவம்பரில் திட்வா புயலின்போது கண்டி மலைகள் சரிந்ததை நாம் கண்டோம். அந்தச் சரிவுகளில் குடியிருப்பவர்களிடம் போய் "உங்கள் வீடு மரபுரிமை, உடைக்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. லயங்கள் போகத்தான் வேண்டும். சீக்கிரம் போக வேண்டும்.

ஆனால் தடயமில்லாமல் போகக் கூடாது. மாவட்டத்துக்கு ஒரு லயத்தையாவது, ஆட்களுக்கு நல்ல வீடு கொடுத்த பிறகு, 1815 கோட்டைத் தாண்டி வர்த்தமானியில் ஏற்றலாம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. மற்றவற்றை இடிக்குமுன் அளந்து, படம் பிடித்து, காம்பராவுக்குக் காம்பரா யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கலாம். இதற்குப் பெரிய நிபுணர்கள் தேவையில்லை. எங்கள் பாடசாலையின் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அளவு நாடாவோடு பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றேன். ஒரு லயத்தை முடிக்க இரண்டு சனிக்கிழமை போதுமாயிருந்தது. தொங்கல் காம்பராவில் இருந்த ஆச்சி, பிள்ளைகள் நாடா பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதுக்கு மாஸ்டர் அளக்கிறீங்க? புது வீடு தரப் போறாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஆச்சி, எழுதி வைக்கத்தான் என்றேன். "அப்ப என் மாமியார் பேரையும் எழுதிக்கங்க. அவங்க இந்தக் காம்பராவுல ஒம்பது புள்ள பெத்தாங்க" என்றார். எழுதிக்கொண்டோம்.