கொலையாளி பெயரைச் சொன்ன கிரயப் பத்திரம்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற வழியில் இருக்கிறது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலும் அரபிக் கல்லூரியும் உள்ள ஊர். பக்கத்திலேயே கடல் மாதிரி வீராணம் ஏரி. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. அந்தக் கரையில்தான் ஓர் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவனைக் குதிரையில் வரவிட்டுக் கதையைத் தொடங்கினார் கல்கி!

1950 முதல் 1954 வரை வாராவாரம் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்டது பொன்னியின் செல்வன். நாவல் முடிந்த அதே 1954-ல்தான் பெரியசாமித் தூரன் உழைப்பில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, யார் வேண்டுமானாலும் கட்டுரையைத் திருத்தலாம். சௌகரியம்தான். சிக்கலும் அங்கேதான். இந்த நாவலைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர், நந்தினியையும் குந்தவையையும் ஒரே தராசில் நிறுத்திவிடுகிறார்கள். குந்தவை ராஜராஜனின் அக்கா, கல்வெட்டுகளில் இருப்பவர். நந்தினி கல்கியின் பேனாவில் பிறந்தவள்.

சரி, கட்டுரையை எப்படிச் செப்பனிடுவது? லால்பேட்டைக்குப் பக்கத்தில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை போய்வந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்... ஆமாம், அதே ரவிதாசன்! நாவலில் சுடுகாட்டு மந்திரவாதியாக, பாண்டியரின் ஆபத்துதவியாக வருகிறாரே, அவர்தான். கல்வெட்டிலோ அவர் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்று பட்டம் பெற்ற பெரிய அதிகாரி. காடும் மேடும் அலைந்த சதிகாரன் அல்ல, சொத்துபத்து உள்ள மனிதர்.

காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கல்வெட்டில் பிடித்த விஷயம் வேறு. அடிப்படையில் இது கொலை வழக்கின் தீர்ப்பே அல்ல, நில விவகாரம்! துரோகிகள் நிலத்தையும் உறவினர்கள் நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி ஊர்ச் சபைக்கு ராஜா ஓலை அனுப்புகிறார். அதில் ஒரு பங்கை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் தர்மத்துக்குக் கொடுக்கிறார். 'இந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது?' என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாதே, அதற்காகத்தான் கொலையாளிகள் பெயர் கல்லில் ஏறியது. மூலப் பத்திர விவரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிரயப் பத்திரத்தில் யாராவது கொலைக்கான காரணத்தை எழுதுவார்களா? ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், யார் தூண்டினார்கள், எதுவும் இல்லை. உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார் நீலகண்ட சாஸ்திரி. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கியோ அந்த வெற்றிடத்தில் கடம்பூர் மாளிகையைக் கட்டி, நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

கலைக்களஞ்சியத்துக்கு இல்லை. அங்கே கல்வெட்டில் உள்ளது ஒரு பத்தியில், கல்கி சேர்த்தது இன்னொரு பத்தியில் என்று வரவு செலவு மாதிரி பிரித்து எழுதியாக வேண்டும். 2022-லும் 2023-லும் மணிரத்னம் படங்கள் வந்த பிறகு இந்த வேலை இன்னும் அவசரம். நாவலைத் தொடாதவர்கள்கூட இப்போது நந்தினிக்கு வம்சாவளி கேட்கிறார்கள்!